மாப்பிள்ளை க்யூப்

மே 4, ஞாயிறு

நாற்பத்தைந்து நாள் பயிற்சிக்குச் சென்னை வந்து சேர்ந்தாயிற்று. மேடவாக்கத்தில் பெண்கள் விடுதி, மூன்றாவது மாடி, இரண்டு கட்டில் போட்ட அறை. மற்ற கட்டில்காரியின் பெயர் நஸ்ரின். ஆம்பூர்ப் பெண். ஷூ கம்பெனி ஒன்றில் டிசைன் பிரிவில் இன்டர்ன். நான் உள்ளே நுழைந்ததும் முதலில் என் செருப்பைப் பார்த்தாள், பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

விடுதியில் ஒருவருக்குக் காலையில் ஒரு பக்கெட் தண்ணீர், மாலையில் ஒரு பக்கெட். கோடை முடியும் வரை இதுதான் சட்டம். பக்கெட்டில் பெயர் எழுதி வைக்கச் சொன்னார்கள். செண்பகவல்லி என்று முழுதாக எழுத இடம் பற்றவில்லை. ‘செண்பகவ’ என்று நிற்கிறது.

இரண்டு நோட்டு வாங்கியிருக்கிறேன். நீலம் கல்லூரிக்கு. தினமும் ‘இன்று கற்றது’ என்று பத்து வரி எழுதி, கடைசியில் கம்பெனி முத்திரை வாங்கி, துறைத்தலைவர் மேஜையில் வைக்க வேண்டும். பச்சை எனக்கு. இதில் யாரும் முத்திரை குத்தப்போவதில்லை என்பதால் உள்ளதை உள்ளபடி எழுதலாம். எழுதுகிறேனா பார்ப்போம்.

மே 5, திங்கள்

சைட்டில் முதல் நாள். கீழே கார் நிறுத்தும் தளம், மேலே ஐந்து மாடி, முப்பது வீடு. இப்போதைக்கு மண்ணும் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளும்தான். இருபத்து நான்கு தூண்களை எழுப்பி, அவற்றின் மேல் முதல் தளத்தை ஜூன் ஐந்தாம் தேதி போட வேண்டும். அலுவலகக் கொட்டகைப் பலகையில் ‘ஜூன் 5’ என்று சிவப்பில் எழுதி இரண்டு கோடு இழுத்திருக்கிறார்கள்.

எனக்கு மேலே சைட் இன்ஜினியர் ரூபன். கள்ளக்குறிச்சிக்காரர், இருபத்தேழு வயது, அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். அவருக்கு மேலே புராஜெக்ட் மேனேஜர் சபேசன் சார். அவர் வாரத்துக்கு இரண்டு நாள் வந்து, யாரையும் பார்க்காமல் கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போவாராம்.

கம்பெனிக்கு ஊர் முழுக்க ஒன்பது சைட், ஒன்பது இன்டர்ன். கடைசியில் ஒருவருக்கு மட்டும் வேலை. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் சிவில் படித்துவிட்டு சாஃப்ட்வேருக்கு ஓடக் காத்திருக்கிறார்கள். நான் ஓடமாட்டேன் என்று எல்லாரிடமும் சவால் விட்டு வைத்திருக்கிறேன். இந்த இன்டர்ன்ஷிப் கிடைத்ததற்காகத் துறை அறிவிப்புப் பலகையில் என் போட்டோ வேறு ஒட்டியிருக்கிறது.

இங்கே எனக்குப் பெயரே கிடையாது. ரூபன் சாருக்கு நான் ‘இன்டர்ன்’. கம்பி கட்டுபவர்களுக்கு ‘பாப்பா’. செக்யூரிட்டிக்கு ‘ஏம்மா காலேஜ்’.

மே 8, வியாழன்

இன்று க்யூப் கற்றுக்கொண்டேன். புத்தகத்தில் படித்ததுதான், ஆனாலும் கையால் செய்வது வேறு. ஒவ்வொரு முறை கான்கிரீட் போடும்போதும் அதே கலவையில் கொஞ்சம் எடுத்து, அரையடி அளவு இரும்பு அச்சில் ஆறு கட்டிகள் வார்க்க வேண்டும். மறுநாள் அச்சைக் கழற்றி, தூணின் நம்பரையும் தேதியையும் பெயின்டில் எழுதித் தண்ணீர்த் தொட்டியில் போட வேண்டும். ஏழாம் நாள் மூன்றை எடுத்து மெஷினில் வைத்து நசுக்கிப் பார்ப்பார்கள். இருபத்தெட்டாம் நாள் மீதி மூன்று. எங்கள் தூண்களுக்கு இருபத்தெட்டாம் நாள் மெஷின் முப்பது காட்ட வேண்டும். ஏழாம் நாளில் குறைந்தது இருபது வந்திருக்க வேண்டும். தூணை நசுக்கிப் பார்க்க முடியாது, அதனால் தூணுக்குப் பதிலாகக் கட்டி உயிரை விடுகிறது.

தொட்டியின் மூலையில் நம்பர் எழுதாத கட்டிகள் சில கிடந்தன. “இது எந்தத் தூணோடது சார்?” என்று கேட்டேன்.

ரூபன் சார் சிரித்தார். “அதுங்க மாப்பிள்ளைங்க.”

சிமென்ட் கூடுதலாகப் போட்டு, பார்த்துப் பார்த்து வார்த்து, எப்போதும் தயாராக வைத்திருக்கும் கட்டிகளாம். எந்தத் தூணின் கட்டியாவது சரியாக வராது என்று தோன்றினால், அதன் நம்பரை மாப்பிள்ளைக்கு எழுதி அனுப்பிவிடுவார்களாம். பெண் பார்க்க வரும் அன்று மட்டும் எல்லா மாப்பிள்ளையும் நல்லவன்தானே என்றார்.

நீல நோட்டில் இதை எழுதவில்லை.

மே 10, சனி

வெயில். ஷூவுக்குள் மணல். வேறொன்றும் இல்லை.

மே 13, செவ்வாய்

இன்று ஒருவர் என்னை மேடம் என்று கூப்பிட்டார்!

நடந்தது இது. சி-17 தூணுக்குக் கான்கிரீட். காலை பத்து மணிக்கு வர வேண்டிய ரெடிமிக்ஸ் வண்டி டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு ஒன்றரை மணிக்குத்தான் வந்தது. அந்த நேரம் பார்த்து ரூபன் சாருக்கு வீட்டிலிருந்து போன். நிச்சயதார்த்தப் புடவை எந்தக் கலர் என்று அங்கே பஞ்சாயத்து. “நீ பார்த்துக்கோ, பத்து நிமிஷத்துல வந்துடுறேன்” என்று காம்பவுண்டுக்கு வெளியே போனவர் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தார். ஆகவே தளபதி நான்தான். வண்டி டிரைவர் ஏகாம்பரம், நாற்பத்தைந்து வயதிருக்கும், என் எதிரே வந்து நின்று “மேடம்” என்றார். சுற்றி ஆறு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வேலை சுலபமாக முடிந்தது. கலவை நன்றாக ஓடியது. பாதி இறங்கியதும் நானே ஆறு க்யூப் வார்த்தேன்.

விடுதிக்கு நடந்தே வந்தேன், பஸ்ஸில் உட்காரவே முடியாது என்று தோன்றியது. நஸ்ரினிடம் சொன்னேன். “மேடமுக்குத் தோசையா, இட்லியா?” என்றாள்.

மே 14, புதன்

அச்சு கழற்றினேன். ஆறு கட்டியிலும் ‘சி-17, மே 13’ என்று எழுதினேன். என் கையெழுத்து பெயின்டில் அழகாகத்தான் இருக்கிறது.

மே 20, செவ்வாய்

ஏழாம் நாள். சி-17 க்யூப்கள் மூன்று.

14.2. 13.8. 14.5.

மெஷின் முள் பாதி வழியில் நின்று திரும்பிவிட்டது. ரூபன் சார் உடைந்த துண்டை விரலால் தேய்த்தார், மாவாக உதிர்ந்தது. “எப்படிடா இது?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு வெளியே போய் ரெடிமிக்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினார்.

காரணம் என்னவென்று தெரியவில்லை. வெயிலாக இருக்கலாம். சிமென்ட் பழையதாக இருக்கலாம்.

மே 21, புதன்

ரெடிமிக்ஸ் கம்பெனி சூப்பர்வைசர் டிரைவர் ஏகாம்பரத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். கொட்டகையில் வைத்து விசாரணை. ரூபன் சார் என்னிடமும் ஒரு கேள்வி கேட்டார், பதில் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

மதியம் சாம்பார் சாதம். சாப்பிடவில்லை, பசியில்லை.

மே 22, வியாழன்

விடுதிப் பக்கெட்டை சோப்புப் போட்டுத் தேய்த்தேன். என் பெயரும் சேர்ந்து அழிந்தது. மறுபடி எழுதினேன். துணி துவைத்தேன். துவைத்த துணியை மறுபடி துவைத்தேன். “உனக்கு என்ன ஆச்சு?” என்று நஸ்ரின் கேட்டாள். இன்று தண்ணீர் கூடுதலாக வந்ததால் துவைத்தேன் என்றேன்.

மே 23, வெள்ளி

காலையில் ரூபன் சார் கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

“இங்க பாரு செண்பகா. அன்னைக்கு நான் அங்க நின்னிருக்கணும். நிக்கல. சபேசன் சாருக்குத் தெரிஞ்சா என்னை உரிச்சுடுவாரு. பில்லரை உடைச்சா ஸ்லாப் தள்ளிப்போகும். இருபத்தெட்டு நாள்ல எப்படியும் கொஞ்சம் ஏறும். ஒரு பில்லர்தானே, ஒண்ணும் ஆகாது.”

முதல் தடவையாக என் பெயரைச் சொன்னார். ரிஜிஸ்டரில் ஏழாம் நாள் 20.4 என்று எழுதியிருந்தது, என் கையெழுத்துக்கு இடம் விட்டு. போட்டேன். பிறகு மாப்பிள்ளை க்யூப்களில் மூன்றை எடுத்து, துடைத்து, ‘சி-17, மே 13’ என்று எழுதச் சொன்னார். எழுதினேன். முதலில் எழுதியதைவிட நன்றாகவே வந்தது.

மீதமிருந்த அசல் கட்டிகள் மூன்றையும் குப்பைமேட்டில் போடச் சொன்னார். இரண்டைப் போட்டேன். ஒன்றை ஈரத்துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். எட்டு கிலோ. தோள்பட்டை சிவந்துபோயிருக்கிறது. எதற்கு எடுத்து வந்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. இப்போது அது என் பக்கெட்டில், என் பங்குத் தண்ணீரில் கிடக்கிறது. தண்ணீரில் இல்லாவிட்டால் அதன் பலம் குறைந்துபோகும், பிறகு குறைந்த எண்ணுக்குக் காரணம் கலவையா, காய்ந்ததா என்று சொல்ல முடியாது.

மே 25, ஞாயிறு

வீடு வாங்கியவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்க வருவார்கள். ஹெல்மெட் எடுத்துக் கொடுத்து, கம்பி குத்தாமல் கூட்டிக்கொண்டு போவது இன்டர்ன் வேலை.

மேனகா என்று ஒரு அம்மா வந்தார். ஏதோ பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலையாம். முதல் மாடியில் வீடு. இன்னும் போடாத தளத்தின் அடியில் நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்து, “இதுக்கு மேலதானே எங்க சமையக்கட்டு?” என்று கேட்டார். வரைபடத்தைப் பார்த்து ஆமாம் என்றேன். கையால் சி-17 தூணை இரண்டு தட்டுத் தட்டினார். “நல்லா திடமா இருக்கு. நீங்கதான் இன்ஜினியரா மேடம்?”

“இன்டர்ன்” என்றேன்.

“அதான, இன்ஜினியர்தானே” என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு ஆரஞ்சு எடுத்துக் கொடுத்தார். அந்த ஆரஞ்சு இன்னும் மேஜையில் இருக்கிறது. உரிக்க மனம் வரவில்லை.

மே 28, புதன்

குளியல் பிரச்சினை வெடித்துவிட்டது. ஐந்து நாளாக நஸ்ரினின் பக்கெட்டில் பாதியை நான் பயன்படுத்திக்கொண்டிருக்கிறேன். இன்று காலை அவள் என் பக்கெட் மேல் போட்டிருந்த துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டாள்.

“என்ன இது?”

“கான்கிரீட்.”

“அது தெரியுது. இதுக்கு எதுக்குக் குளியல்? மனுஷிக்கு இங்க தலைக்கு ஊத்தத் தண்ணி இல்ல. நீ கல்லைக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்க!”

சிரிக்கத்தான் நினைத்தேன். அழுகை வந்துவிட்டது. அவள் பயந்துபோய்க் கட்டிலில் உட்கார வைத்தாள். அவளிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் சொன்னதை இந்த நோட்டிடம் இன்னும் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. பச்சை நோட்டிலும் பொய்தான் எழுதியிருக்கிறேன். இப்போது எழுதுகிறேன்.

மே 13 அன்று வண்டி வந்தபோது கலவை இறுகத் தொடங்கியிருந்தது. ஏகாம்பரம் வந்து கேட்டது இதுதான்: “மேடம், கெட்டியாயிடுச்சி மேடம். இறங்காது. அஞ்சு பக்கெட் தண்ணி வுட்டுக்கவா?”

இறுகிய கலவையில் தண்ணீர் ஊற்றினால் ஓடும். ஆனால் பலம் போய்விடும். இது இரண்டாம் ஆண்டுப் பாடம், பதின்மூன்று மார்க் கேள்வி. எழுதி முழு மார்க் வாங்கியவள் நான். கலவை எவ்வளவு இளகியிருக்கிறது என்று பார்க்க ஒரு இரும்புக் கூம்பு இருக்கிறது, அதை வைத்துப் பார்த்து வண்டியைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் அவர் மேடம் என்று கூப்பிட்டார். ஆறு பேர் நின்றார்கள். ரூபன் சாரைத் தேடிப்போய் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொன்னால் மறுபடி பாப்பா ஆகிவிடுவேன் என்று தோன்றியது. சரி என்றேன். ஒரே ஒரு ‘சரி’தான்.

அது மட்டும் என்றால்கூட தப்பு என்று விட்டிருக்கலாம். மே 21 அன்று ஏகாம்பரம் எல்லார் முன்னாலும் என்னைக் காட்டி, “மேடம்தான் சார் சரின்னாங்க, கேளுங்க” என்றார். ரூபன் சார் என்னைப் பார்த்து, “நீ சொன்னியா?” என்று கேட்டார். “இல்ல சார்” என்றேன். ஏகாம்பரம் என்னைத் திட்டவில்லை. அவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நஸ்ரின் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஜூன் அஞ்சுக்கு மேல தளம் போட்டுட்டா என்ன ஆகும்?” என்றாள்.

“அதுக்கப்புறம் அந்தத் தூணை எடுக்கவே முடியாது. மேல எல்லாமே அது மேலதான் நிக்கும்.”

“அப்ப உனக்கு இன்னும் எட்டு நாள் இருக்கு” என்றாள். இனி பக்கெட்டை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். கட்டிக்கு ஒரு நாள் அவள் தண்ணீர், ஒரு நாள் என் தண்ணீர்.

மே 30, வெள்ளி

ஆறு நாள். தளத்துக்குப் பலகை அடித்து முடித்துவிட்டார்கள். கம்பி ஏறத் தொடங்கியிருக்கிறது.

மே 31, சனி

ஐந்து நாள். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கித் திரும்பி நடந்தேன். சைட்டில் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. தேவையில்லாமல் நாலு முறை கம்பி இடைவெளி அளந்தேன். சபேசன் சார் வந்திருந்தார். தளத்தைச் சுற்றி வந்து, என் பக்கம் திரும்பாமலே, “இந்தப் பொண்ணு ஓடியாடி வேலை பாக்குது ரூபன்” என்றார்.

ரூபன் சார் என்னைப் பார்த்துக் கண்ணால் ‘பார்த்தியா’ என்றார். வேலை கிடைத்துவிடும் போலிருக்கிறது.

ஜூன் 1, ஞாயிறு

அம்மா போன்.

“ஏட்டி, ஒன் சத்தம் ஏன் இப்படிக் கெடக்கு?”

“வெயிலும்மா.”

“வெயிலு கோவில்பட்டியில இல்லாத வெயிலா? சாப்புடுதியா, இல்லியா? வேலயாவது குடுப்பாங்களாட்டி?”

“குடுப்பாங்கன்னுதான் நெனக்கேன்.”

“பெறகு என்னத்துக்கு மூஞ்சியத் தூக்கிட்டுப் பேசுத?”

வீடியோ கால்கூட இல்லை. எப்படித்தான் மூஞ்சியைப் பார்க்கிறாளோ.

ஜூன் 2, திங்கள்

மூன்று நாள். தலைவலி என்று மதியம் லீவு கேட்டுக்கொண்டு ரெடிமிக்ஸ் கம்பெனிக்குப் போனேன். ஏகாம்பரம் வண்டிகள் கழுவும் இடத்தில், முழங்கால் வரை சேற்றுத் தண்ணீரில் நின்று, இறுகிப்போன கான்கிரீட்டைக் கம்பியால் கொத்திக்கொண்டிருந்தார். பதினெட்டு வருடம் வண்டி ஓட்டியவர்.

“இன்னாம்மா, இன்னும் எதுனா சொல்லணுமா?”

“அண்ணே, நான் அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன்.”

“அது எனக்குத் தெரியாதா? என்னாண்ட வந்து சொல்லி இன்னா பிரயோஜனம்? சொல்ல வேண்டிய எடத்துல சொல்லல.” கம்பியைக் கீழே போட்டார். “நானும் யோக்கியன் இல்லம்மா. தண்ணி ஊத்தக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். எல்லா சைட்லயும் ஊத்துறான், நானும் ஊத்தனேன். ஆனா கேட்டுட்டுதான் ஊத்தனேன். மேடம்னு கூப்ட்டேன் பாரு, என் வாயில அடிச்சிக்கணும்.”

மன்னிப்பு என்ற வார்த்தை வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் எனக்குத்தான் நிம்மதி, அவருக்கு ஒன்றுமில்லை. திரும்பி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

நாளைக்கு மறுநாள்.

ரூபன் சார் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நிச்சயதார்த்தப் பத்திரிகையும் கொடுத்தார். அழைப்பில் என் பெயரை ‘செண்பகவல்லி’ என்று முழுதாக எழுதியிருந்தார், ஒரு எழுத்துகூட விடாமல். அதைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சி-17ஐப் பார்த்தேன். இவர் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

ஜூன் 4, புதன்

காலையில் கட்டியை எடுத்து ஈரத்துண்டில் சுற்றிப் பையில் வைத்தேன். நஸ்ரின் ஒரு பக்கம் பையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்தாள். பஸ்ஸில் கண்டக்டர், “இன்னாம்மா பையில, கல்லா வச்சிருக்கே?” என்றார். ஆமாம் என்றேன். அவர் நம்பவில்லை.

சபேசன் சார் நாளைய வேலைக்காகச் சீக்கிரமே வந்திருந்தார். ரூபன் சாரும் இருந்தார். கட்டியை மேஜை மேல் வைத்தேன். வரைபடத்தின் மேல் தண்ணீர் பரவியது.

“என்ன இது?”

“சி-17 சார். அசல் க்யூப். தொட்டியில இருக்கிறது மாப்பிள்ளை.”

அவருக்கு மாப்பிள்ளை என்றால் என்னவென்று தெரிந்திருந்தது. அவர் உடனே ரூபன் சாரின் முகத்தைப் பார்த்ததிலேயே எனக்கு அது புரிந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் ஊற்றச் சரி சொன்னது நான். இல்லை என்று பொய் சொன்னது நான். ரிஜிஸ்டரில் கையெழுத்தும் என்னுடையது, க்யூப்பில் எழுதிய எழுத்தும் என்னுடையது. ரூபன் சார் அங்கே இல்லை என்பதைச் சொல்லாமல் தாண்டப் பார்த்தேன். சபேசன் சார், “அப்ப ரூபன் எங்க?” என்று கேட்டார். பதிலை ரூபன் சாரே சொன்னார். “போன்ல சார்.”

கட்டியை மெஷினில் வைத்தார்கள். இருபத்திரண்டு நாள் ஆன கட்டி. மெஷினில் குறைந்தது இருபத்தெட்டு வந்திருக்க வேண்டும். முள் ஏறியது. தப்பித்தவறி நல்ல எண் வந்துவிடாதா என்று அந்த நேரத்திலும் ஒரு ஆசை இருந்தது. டப்பென்று உடைந்தது.

19.6.

சபேசன் சார் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். “இருபத்திரண்டு நாள் எதுக்கு எடுத்துக்கிட்ட?”

“வேலை வேணும்னு நெனச்சேன் சார்.”

“இப்ப?”

“இப்பவும் வேணும் சார்.”

“கிடைக்காது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு போனை எடுத்து நாளைக்கு வர வேண்டிய இருபத்திரண்டு வண்டிகளையும் வேண்டாம் என்றார்.

வெளியே வந்ததும் ரூபன் சார் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். “உனக்கென்ன? நீ நாப்பத்தஞ்சு நாள்ல ஊருக்குப் போயிடுவ.”

விடுதிக்கு வந்து ஒரு முழு பக்கெட்டையும் தலையில் ஊற்றிக்கொண்டேன்.

ஜூன் 5, வியாழன்

பலகையில் ‘ஜூன் 5’ இன்னும் அழிக்கப்படாமல் இருக்கிறது. தூணிலேயே துளை போட்டு ஒரு துண்டு எடுத்துப் போனார்கள். ரெடிமிக்ஸ் கம்பெனிக்கு நடந்ததை எழுதி, கையெழுத்துப் போட்டு, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சூப்பர்வைசர் இரண்டு தடவை படித்தார். “அப்ப அவன் சொன்னது உண்மைதானா?” என்றார்.

ஜூன் 7, சனி

துளைத் துண்டும் அதையேதான் சொல்கிறது. உடைக்க வேண்டும்.

ஜூன் 9, திங்கள்

சி-17ஐச் சுற்றித் தளத்தின் பலகைகளைக் கழற்ற வேண்டியிருந்தது. பத்து நாள் வேலை வீண். கம்பி கட்டுபவர்கள் என்னைப் பாப்பா என்றும் கூப்பிடவில்லை, ஒன்றும் கூப்பிடவில்லை. அவர்கள் கோபம் நியாயம்தான்.

சபேசன் சார் என்னைத் தூணின் அருகில் நிற்கச் சொன்னார். “நீதானே ஆரம்பிச்ச. நின்னு முடி” என்றார். உடைக்கும் மெஷினோடு வந்தவர் ஒடிசாக்காரர், பிகாஷ். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. ஹெல்மெட் போட்டவள் நான் ஒருத்திதான் பக்கத்தில் நின்றேன். மெஷினைத் தோளில் அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“மேடம், உடைக்கவா?”

தூணைப் பார்த்தேன். அவர் மறுபடி கேட்டார்.

“சரி” என்றேன்.

ஜூன் 11, புதன்

மூன்று நாளாகிறது முழுத் தூணையும் உதிர்க்க. காதுக்குள் இன்னும் அந்தச் சத்தம். உள்ளே ஓரிடத்தில் கை நுழையும் அளவு ஓட்டை இருந்தது. மேனகா அம்மாவின் சமையற்கட்டுக்கு நேர் கீழே. இப்போது வெறும் கம்பிகள்தான் நிற்கின்றன, நான் முதல் நாள் பார்த்ததுபோல.

ஜூன் 13, வெள்ளி

சி-17, இரண்டாம் முறை. வண்டி காலை எட்டு மணிக்கே வந்தது. இறங்கியவர் ஏகாம்பரம்.

வண்டி திரும்பக் கிடைத்துவிட்டது! ஓடிப்போய்ப் பேச வேண்டும் போலிருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். ரசீதை நீட்டினார்.

“தண்ணி ஊத்தல. பார்த்துட்டுக் கையெழுத்துப் போடும்மா.”

கூம்பை எடுத்தேன். கலவையை நிரப்பி, குத்தி, தூக்கினேன். எவ்வளவு சரிகிறது என்று அளந்தேன். கொஞ்சம் சந்தேகமாக இருந்தது, மறுபடி ஒரு முறை செய்தேன். ஆறு பேர் நின்று என்னைப் பார்த்தார்கள். ரூபன் சாரும் நின்றார், போன் கொட்டகையில் சார்ஜில் கிடந்தது. எனக்கு அவசரமில்லை. சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

ஏகாம்பரம் ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “இத்த அன்னிக்கே பண்ணிருந்தா ரெண்டு நிமிஷம்” என்றார். அவ்வளவுதான் பேசினார்.

ஆறு க்யூப் வார்த்தேன்.

ஜூன் 20, வெள்ளி

கடைசி நாள். காலையில் ஏழாம் நாள் க்யூப்: 22.8. ரிஜிஸ்டரில் ரூபன் சாரே எழுதினார். இந்த சைட் முடிந்ததும் அவரைத் தூத்துக்குடிப் பக்கம் ஒரு குடோன் வேலைக்கு மாற்றுகிறார்களாம். நிச்சயதார்த்தம் நல்லபடியாக நடந்ததாம், நான் போகவில்லை.

சபேசன் சார் நீல நோட்டில் முத்திரை குத்தினார். சான்றிதழில் ‘நாற்பத்தைந்து நாள் பயிற்சி பெற்றார்’ என்று மட்டும் இருக்கிறது. ‘சிறப்பாக’ என்ற சொல் இல்லை. வேலை வேளச்சேரி சைட்டில் இருந்த ஒரு பையனுக்கு.

தொட்டியில் என் எழுத்தோடு மூன்று கட்டிகள் கிடக்கின்றன. மூலையைப் பார்த்தேன். மாப்பிள்ளைகள் இல்லை. யார் எடுத்தார்கள் என்று கேட்கவில்லை.

நஸ்ரின் என் பக்கெட்டை எடுத்துக்கொண்டாள். ‘செண்பகவ’ அப்படியே இருக்கட்டும் என்கிறாள்.

ஜூலை 11, வெள்ளி. கோவில்பட்டி

கல்லூரி திறந்துவிட்டது. அறிவிப்புப் பலகையிலிருந்து என் போட்டோவை எடுத்துவிட்டார்கள். வேலை என்னாயிற்று என்று கேட்பவர்களிடம் கிடைக்கவில்லை என்கிறேன். ஏன் என்று கேட்டால் அதையும் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் நம்புவதில்லை.

காலையிலிருந்து போனைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை. இன்று இருபத்தெட்டாம் நாள். அதை யாரிடம் கேட்பது? கேட்க எனக்கு என்ன உரிமை? சோற்றைப் பிசைந்தபடியே இருந்தேன். அம்மா இரண்டு முறை வைதாள்.

இரண்டு மணிக்கு மெசேஜ். ரூபன் சார். வணக்கமில்லை, விசாரிப்பில்லை. உடைந்த கட்டியின் போட்டோ, பாதித் துண்டில் என் எழுத்து. கீழே ஒரு வரி:

‘34.1. மாப்பிள்ளை இல்ல.’

திரும்பத் திரும்பப் பார்த்தேன். அம்மா எட்டிப் பார்த்தாள்.

“என்னட்டி அது நம்பரு? மார்க்கா?”

“ஆமாம்மா.”

“எத்தனைக்கு?”

“முப்பதுக்கு.”

“முப்பதுக்கு எப்பிடிட்டி முப்பத்திநாலு வரும்? எவளாவது தப்பாப் போட்டுருக்கப் போறா, நல்லாக் கேட்டுக்கோ.”

“சரியாத்தாம்மா இருக்கு” என்று சொல்லிவிட்டு, தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டேன்.